வயர்கார்டு விபிஎன் அறுந்து போகாமலே மந்தமாகிறது: ரூட்டரே கண்டுபிடித்து மறுபடி இணைக்க என்ன வழி?

பெருங்குடி_ஃபைபர்:

வணக்கம். 200 எம்பிபிஎஸ் ஃபைபர், பிபிபிஓஈ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து நுழையும்) இணைப்பு. எம்டி7621 சிப் உள்ள ரூட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான திறமூல ஃபர்ம்வேர்) போட்டிருக்கிறது. வீட்டு டிராஃபிக் முழுக்க வயர்கார்டு டனல் வழியாகச் சிங்கப்பூர் சர்வருக்குப் போகிறது.

பகலில் டனலுக்குள் 90 முதல் 100 எம்பிபிஎஸ் வரை கிடைக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் திடீரென்று 3, 4 எம்பிபிஎஸ் ஆகிவிடுகிறது. இணைப்பு அறுவதில்லை. பிங் 36 மில்லிசெகண்டிலேயே நிற்கிறது, ஹேண்ட்ஷேக்கும் (இரு பக்கமும் சாவி பரிமாறிக்கொள்வது) ஒழுங்காக நடக்கிறது. அதே நேரத்தில் விபிஎன் இல்லாமல் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 180-க்கு மேல் காட்டுகிறது. லூசியில் (ரூட்டரின் செட்டிங் வலைப்பக்கம்) போய் இன்டர்ஃபேஸை ரீஸ்டார்ட் செய்தால் சில நேரம் சரியாகிறது, பல நேரம் ஒரு மாற்றமும் இல்லை.

வாட்ச்கேட் (பிங் நின்றால் ரீஸ்டார்ட் செய்யும் கருவி) போட்டுப் பார்த்தாயிற்று. பிங் விழாததால் அது அசைவதே இல்லை. வேகம் குறைந்தால் ரூட்டரே தெரிந்துகொண்டு துண்டித்து இணைக்க வேண்டும். எப்படிச் செய்யலாம்?

இப்போதைய அமைப்பு: லிசன் போர்ட் 51820, எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1420 பைட், பர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 செகண்ட், எண்ட்பாயின்ட் (சர்வர் முகவரி) டொமைன் பெயராகக் கொடுத்திருக்கிறது. வேன் (இன்டர்நெட் பக்க) முகவரி 100.64-ல் தொடங்குவது, அதாவது சிஜிநாட் (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்வது).

கோடம்பாக்கம்_கிரான்:

ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன் உங்கள் அமைப்பில் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். லிசன் போர்ட்டை 51820 என்று நிலையாக வைத்திருக்கிறீர்கள். ரீஸ்டார்ட் பல நேரம் பலிக்காததற்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

விபிஎன் இல்லாதபோது ஸ்பீட் டெஸ்ட் ஒரே சமயத்தில் பல இணைப்புகளைத் திறக்கிறது. டனலுக்குள் போகும்போது வீட்டு டிராஃபிக் மொத்தமும் வெளியே இருந்து பார்க்க ஒரே ஒரு யூடிபி ஓட்டம்தான்: ஒரே சோர்ஸ் முகவரி, ஒரே சோர்ஸ் போர்ட், ஒரே டெஸ்டினேஷன் முகவரி, ஒரே டெஸ்டினேஷன் போர்ட். பெரிய நெட்வொர்க்குகளில் இரண்டு ரூட்டர்களுக்கு நடுவே பல இணை லிங்குகள் இருக்கும். எந்த ஓட்டம் எந்த லிங்கில் போக வேண்டும் என்பதை இந்த நான்கையும் புரோட்டோகாலையும் சேர்த்துப் போடும் ஹாஷ் கணக்குத் தீர்மானிக்கும். ராத்திரியில் அந்த லிங்குகளில் ஒன்று மட்டும் நிரம்பி வழிந்தால், அதில் மாட்டிய ஓட்டம் நாசம். மற்றவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

இப்போது இன்டர்ஃபேஸை இறக்கி ஏற்றினால் என்ன ஆகிறது? மறுபடி அதே 51820. சிஜிநாட் பெட்டியும் பழைய மேப்பிங்கை இன்னும் மறந்திருக்காது, அதனால் வெளியே தெரியும் போர்ட்டும் அதேதான். ஹாஷ் மாறவில்லை, பாதையும் மாறவில்லை. இன்டர்ஃபேஸ் கொஞ்சம் அதிக நேரம் கீழே இருந்து மேப்பிங் காலாவதியானால் மட்டும் புதுப் போர்ட் கிடைக்கும், வேகம் திரும்பும். உங்களுக்குச் சில நேரம் மட்டும் சரியாவது இதனோடு பொருந்துகிறது.

எனவே லிசன் போர்ட் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஒவ்வொரு முறை இன்டர்ஃபேஸ் எழும்போதும் வேறு போர்ட் வரும். நீங்கள் கிளையன்ட் மட்டுமே. யாரும் வெளியிலிருந்து உங்கள் போர்ட்டைத் தேடி வரப்போவதில்லை, அதனால் இழப்பு எதுவும் இல்லை.

இன்னும் நல்ல வழி: டனலை இறக்கவே வேண்டாம். வயர்கார்டோடு வரும் டபிள்யூஜி கருவியின் செட் கட்டளையில் இன்டர்ஃபேஸ் பெயரையும் லிசன் போர்ட்டாக 20000-க்கும் 60000-க்கும் இடையே ஒரு எண்ணையும் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் டனலின் சோர்ஸ் போர்ட் அந்த நொடியே மாறும். வயர்கார்டில் ரோமிங் உண்டு. புதுப் போர்ட்டிலிருந்து சரியான சாவியோடு ஒரு பாக்கெட் வந்ததும் சர்வர் தன் குறிப்பை மாற்றிக்கொண்டு பதில்களை அங்கே அனுப்பத் தொடங்கும். உள்ளே இருக்கும் டிசிபி இணைப்புகள் அறுவதில்லை, வீடியோ மீட்டிங்கில் இருப்பவருக்கு ஒரு கணத் தடுமாற்றம்கூடத் தெரியாமல் போகலாம். இந்த மாற்றம் கர்னலில் மட்டும் நடப்பது. கான்ஃபிக் ஃபைலில் எழுதப்படாது, ஃபிளாஷ் மெமரியும் தேயாது.

அடுத்தது எம்டியூ. பிபிபிஓஈ-யில் வெளி எம்டியூ 1492. வயர்கார்டு கூடுதலாகச் சேர்ப்பது ஐபிவி4-ல் 60 பைட், ஐபிவி6-ல் 80 பைட். ஐபிவி4 என்றால் 1432 வரை இடம் இருக்கிறது, உங்கள் 1420 நிற்கும். ஐபிவி6 என்றால் 1412-தான் உச்சம். 1420 வைத்தால் முழு அளவுப் பாக்கெட் ஒவ்வொன்றும் இரண்டு துண்டாகும். எண்ட்பாயின்ட் டொமைன் பெயராக இருப்பதால் ஒருநாள் ஐபிவி4, இன்னொரு நாள் ஐபிவி6 என்று மாறி வர இடமுண்டு. 1412 போட்டுவிட்டால் இரண்டுக்கும் சரி. ஃபயர்வாலில் விபிஎன் ஜோனுக்கு எம்எஸ்எஸ் கிளாம்பிங் (டிசிபி பாக்கெட்டை எம்டியூவுக்குள் அடக்குவது) டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளி எம்டியூ உண்மையில் 1492-தானா என்று சோதிக்க பிஸிபாக்ஸில் (ரூட்டரோடு வரும் சிறு கருவித் தொகுப்பு) வரும் பிங் போதாது. ஐபியூடில்ஸ் பிங் பேக்கேஜை நிறுவி, துண்டாக்கத் தடை போட்டு, விபிஎன் சர்வரின் வெளி முகவரிக்கு 1464 பைட் அனுப்புங்கள். 1464 போய் 1465 போகாவிட்டால் கணக்குச் சரி. 28 பைட் ஹெட்டருக்கு.

சிபியு பற்றிய சந்தேகமும் இயல்பு. பகலில் 90 வருவதால் உங்கள் சிக்கல் அது இல்லை. ஆனாலும் மந்தமான நேரத்தில் டாப் ஓடவிட்டு சாஃப்ட்ஐஆர்க்யூ (பாக்கெட்டுகளைக் கையாள சிபியு செலவிடும் நேரம்) எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். 3 எம்பிபிஎஸ்-க்கு அது கிட்டத்தட்ட சும்மா இருக்க வேண்டும்.

ரூட்டர்_ரசிகை:

கிரான் சார் சொன்ன போர்ட் விஷயம் ரொம்ப முக்கியம். நான் அளக்கிறதைப் பத்தி சொல்றேன், ஏன்னா பெரும்பாலான ஸ்கிரிப்ட் அங்கதான் சொதப்புது.

பிங் நல்லா இருக்கு, வேகம் மட்டும் இல்லைன்னு சொல்றீங்க. பிங்ல ரெண்டு எண் இருக்கு, தாமதமும் லாஸும் (வழியில தொலையுற பாக்கெட்). நீங்க தாமதத்தை மட்டும் பாக்குறீங்க. டிசிபி வேகம் பாக்கெட் லாஸுக்கு எப்படி இறங்கும்னு 1997-ல மேத்திஸும் கூட இருந்தவங்களும் ஒரு சூத்திரம் கொடுத்தாங்க. எம்எஸ்எஸ்-ஐ (ஒரு பாக்கெட்ல போற டேட்டா அளவு) ஆர்டிடி-யால (போய்வர ஆகுற நேரம்) வகுத்து, 1.22-ஆல பெருக்கி, லாஸ் விகிதத்தோட வர்க்கமூலத்தால வகுக்கணும். உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க: எம்டியூ 1420-னா எம்எஸ்எஸ் 1380 பைட், ஆர்டிடி 36 மில்லிசெகண்ட், லாஸ் வெறும் 1 சதவீதம். விடை 3.7 எம்பிபிஎஸ். நீங்க சொன்ன "3, 4" அப்படியே வருது. லாஸ் 0.1 சதவீதமா இருந்தா 12 எம்பிபிஎஸ் கிட்ட.

இது ஒரு டிசிபி இணைப்புக்கான கணக்கு. பிபிஆர் (லாஸைப் பாத்து வேகத்தை அதிகம் குறைக்காத டிசிபி முறை) பயன்படுத்துற சர்வர்களுக்கு இது பொருந்தாது, யூடியூப் அந்த வகை. அதனால "யூடியூப் நல்லாத்தானே ஓடுது"ங்கிறதை வெச்சு லைன் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க.

இப்ப வாட்ச்கேட் ஏன் பிடிக்கலைன்னு புரியும். அது ஒண்ணு ரெண்டு பிங்குக்குப் பதில் வந்தாலே திருப்தி ஆயிடும். 1 சதவீத லாஸ் இருக்கிற லைன்ல நாலு பிங் அனுப்பினா, நூத்துக்கு 96 தடவை நாலும் ஒழுங்கா திரும்பி வரும். லாஸ் கண்ணுல படணும்னா எண்ணிக்கை வேணும். 300 பிங் அனுப்பினா, ஒண்ணுகூட விழாம இருக்கிற வாய்ப்பு 5 சதவீதம்தான்.

நடைமுறைல இப்படி: ஐபியூடில்ஸ் பிங், 0.2 செகண்ட் இடைவெளி, 300 எண்ணிக்கை, 1300 பைட் அளவு. ஒரு நிமிஷத்துல முடியும், போக 390 கேபி, வர 390 கேபி. பெரிய அளவு ஏன்னா, லிங்க்ல பிட் பிழை இருந்தா பெரிய பாக்கெட்தான் அதிகம் அடிபடும். 56 பைட் பாக்கெட் தப்பிச்சு ஓடிடும்.

யாருக்கு அனுப்பணும்? டனலுக்கு உள்ளே சர்வர் பக்கம் இருக்கிற முகவரிக்கு. பெரும்பாலும் விபிஎன்காரங்க கொடுத்த டிஎன்எஸ் முகவரியே அதுதான், 10-ல ஆரம்பிக்கும். அது பிங்குக்குப் பதில் சொல்லுதான்னு முதல்ல பாத்துக்கோங்க. சர்வரோட வெளி முகவரியை பிங் பண்ணி லாஸ் இல்லைன்னு நிம்மதி ஆகாதீங்க. அது ஐசிஎம்பி (பிங் பயன்படுத்துற புரோட்டோகால்), உங்க யூடிபி ஓட்டம் போற லிங்க்லதான் அதுவும் போகும்னு கட்டாயமில்லை.

தாமதத்தை வெச்சு ரீகனெக்ட் பண்றதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்ல யாராவது போட்டோவை கிளவுடுக்கு ஏத்தினா பஃபர் நிரம்பி பிங் 200-ஐத் தொடும். அது விபிஎன் குறை இல்லை. அதுக்கு எஸ்க்யூஎம் (பஃபர் நிரம்பாம பாத்துக்கிற அமைப்பு) போடுங்க.

கோடம்பாக்கம்_கிரான்:

ரசிகை மேடம் சொன்ன 300 பிங் முறையை நடுவில் வைத்து ஸ்கிரிப்ட்டின் ஓட்டத்தை எழுதுகிறேன். வரிசை முக்கியம், மாற்றினால் தேவையில்லாமல் டனலை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

முதல் வேலை பூட்டு. எஃப்லாக் வைத்து, பழைய ஓட்டம் முடியாமல் புதியது தொடங்காதபடி செய்யுங்கள். கிரான் (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டை ஓட்டும் சேவை) ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடும், ஆனால் சோதனை சில நேரம் இழுத்துக்கொண்டே போகும்.

பிறகு ஓய்வு நேரம். கடைசியாகப் போர்ட் மாற்றிய நேரத்தை டிஎம்பி ஃபோல்டரில் ஒரு ஃபைலில் வையுங்கள். 10 நிமிடம் ஆகவில்லை என்றால் ஒன்றும் செய்யாமல் வெளியேறட்டும். டிஎம்பி ராமில் இருப்பது, எவ்வளவு எழுதினாலும் ஃபிளாஷுக்குச் சேதமில்லை.

மூன்றாவது, ஹேண்ட்ஷேக் வயது. டிராஃபிக் இருக்கும்போது வயர்கார்டு 2 நிமிடத்துக்கு ஒருமுறை புது ஹேண்ட்ஷேக் செய்யும். 180 செகண்ட் தாண்டினால் பழைய சாவி செல்லாது. கீப்அலைவ் 25 வைத்திருப்பதால் எப்போதும் டிராஃபிக் இருக்கும். எனவே வயது 180-ஐத் தாண்டியிருந்தால் டனல் செத்துவிட்டது என்று அர்த்தம். வேகச் சோதனையெல்லாம் தேவையில்லை, நேராக இன்டர்ஃபேஸை ஐஎஃப்அப் செய்யுங்கள். ஓபன்டபிள்யூஆர்டியில் ஐஎஃப்அப் கட்டளையே முதலில் இறக்கிவிட்டுத்தான் ஏற்றும். தனியாக ஐஎஃப்டவுன் எழுத வேண்டாம்.

நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: டனலில் ஏற்கெனவே டேட்டா ஓடுகிறதா என்று பார்ப்பது. இன்டர்ஃபேஸின் ஆர்எக்ஸ் பைட்ஸ் (இதுவரை வந்த பைட்) எண்ணை வாசித்து, 10 செகண்ட் கழித்து மறுபடி வாசியுங்கள். வித்தியாசம் 2,50,00,000 பைட்டுக்கு மேல் என்றால் 20 எம்பிபிஎஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, டனல் நலம். குறை எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு வெளியேறட்டும். இது இல்லாவிட்டால், யாரோ பெரிய ஃபைல் இறக்கும்போது லைன் நிரம்பி, உங்கள் பிங் தானாகவே விழுந்து, நன்றாக ஓடும் டனலை ஸ்கிரிப்ட் குறைசொல்லும்.

ஐந்தாவது 300 பிங். 3 அல்லது அதற்கு மேல் தொலைந்தால் குறை எண்ணிக்கையில் ஒன்று கூட்டுங்கள். தொடர்ந்து இரண்டு முறை குறை வந்தால் மட்டுமே நடவடிக்கை.

நடவடிக்கை படிப்படியாக இருக்கட்டும். முதல் தடவை ஓடும் டனலிலேயே சோர்ஸ் போர்ட்டை மாற்றுவது. ஓய்வு நேரத்துக்குப் பிறகும் லாஸ் இருந்தால் வேறு போர்ட் எண், இன்னும் ஒரு தடவை. அப்போதும் இருந்தால் பாதை உங்கள் கையில் இல்லை, அடுத்த சர்வருக்குப் போக வேண்டும். சர்வருக்குச் சர்வர் பப்ளிக் கீ வேறு என்பதால் எண்ட்பாயின்டை மட்டும் மாற்றினால் ஓடாது. இரண்டு மூன்று வயர்கார்டு இன்டர்ஃபேஸ்களை முன்கூட்டியே உருவாக்கி, பூட் ஆகும்போது எழுவதை ஒன்றுக்கு மட்டும் வைத்து, எல்லாவற்றையும் ஒரே ஃபயர்வால் ஜோனில் போடுங்கள். ஸ்கிரிப்ட் ஒன்றை இறக்கி அடுத்ததை ஏற்றும். ஒரு சுற்று முழுக்க முடிந்தும் சரியாகவில்லை என்றால் ஒரு மணி நேரம் கை வைக்காமல் விடட்டும்.

பலரும் செய்வது போல ஃபைல் இறக்கி வேகம் பார்க்க விரும்பினால், கர்ல் நிறுவி, இன்டர்ஃபேஸைக் குறிப்பிட்டு, 10 செகண்ட் மேக்ஸ்டைம் வைத்து, ஸ்பீட் டவுன்லோட் எண்ணை மட்டும் எழுதச் சொல்லலாம். மூன்று எச்சரிக்கைகள். அந்த எண் பைட் கணக்கு. 20 எம்பிபிஎஸ் என்றால் 25,00,000. கர்லின் பழைய பதிப்புகள் அதைப் புள்ளியோடு தரும், ரூட்டரில் இருக்கும் ஆஷ் ஷெல்லுக்கு முழு எண் மட்டும்தான் தெரியும், எனவே புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிடுங்கள். 1 எம்பி ஃபைல் போதாது, டிசிபி வேகம் பிடிப்பதற்குள் முடிந்துவிடும். 5 முதல் 10 எம்பி வேண்டும். டவுன்லோட் சோதனை குறை காட்டினால், வேன் வழியாகவும் அதே ஃபைலை இறக்கி ஒப்பிடுங்கள். அங்கேயும் மந்தம் என்றால் விபிஎன்-ஐத் தொடக் கூடாது. இதற்கு வேன் வழியே ஒரு டிஃபால்ட் ரூட் இருந்தாக வேண்டும். வயர்கார்டுக்கு மெட்ரிக் (குறைந்த எண்ணுக்கு முன்னுரிமை) 10, வேனுக்கு 20 என்று வைத்தால் இரண்டும் நிற்கும்.

ஒவ்வொரு நடவடிக்கையையும் லாகர் கட்டளையால் பதிவு செய்யுங்கள்: நேரம், பழைய போர்ட், புதிய போர்ட், தொலைந்த பிங் எண்ணிக்கை. ஒரு வாரப் பதிவு கையில் இருந்தால் எந்த நேரத்தில், எந்தச் சர்வரில் என்பது தெளிவாகத் தெரியும். சிஸ்டம் லாக் ராமில்தான் இருக்கிறது, ரூட்டர் அணைந்தால் போய்விடும். வேண்டுமானால் வீட்டில் ஓடும் வேறொரு கணினிக்கு ரிமோட் சிஸ்லாக் அனுப்பலாம்.

ஃபைலுக்கு எக்ஸிக்யூட் அனுமதி கொடுங்கள். லூசியில் சிஸ்டம், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் பக்கத்தில் */5 * * * * என்று எழுதி, ஸ்கிரிப்ட்டின் முழுப் பாதையையும் போடுங்கள். அந்தப் பக்கம் இதுவரை காலியாக இருந்திருந்தால் கிரான் சேவையே ஓடாமல் இருக்கும், ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்கிரிப்ட்டின் பாதையை பேக்அப் பட்டியலிலும் சேருங்கள்; இல்லாவிட்டால் அடுத்த ஃபர்ம்வேர் ஏற்றும்போது கிரான் வரி இருக்கும், ஸ்கிரிப்ட் இருக்காது.

அயனாவரம்_அலை:

நல்ல திரி. ரெண்டு சந்தேகம் சேர்த்துக் கேட்கிறேன்.

ஒண்ணு, எங்க ஏரியாவுல கரன்ட் போய் வந்தா வயர்கார்டு வரவே மாட்டேங்குது. இன்டர்நெட் வந்துடுது, டனல் மட்டும் ஹேண்ட்ஷேக் ஆகாம நிக்குது. ரூட்டரை மறுபடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் அதே கதை, சில நேரம் அரை மணி கழிச்சு தானா வருது.

ரெண்டு, இன்டர்ஃபேஸ் கீழே இருக்கிற அந்தச் சில செகண்ட்ல டிராஃபிக் விபிஎன் இல்லாம வெளியே போயிடாதா?

பல்லாவரம்_பாக்கெட்:

முதல் கேள்விக்கு: கடிகாரம். வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலானவற்றில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. கரன்ட் வந்ததும் ஓபன்டபிள்யூஆர்டி, செட்டிங்குகள் இருக்கும் ஈடிசி ஃபோல்டரில் இருப்பதிலேயே புதிய ஃபைலின் தேதியை எடுத்து நேரமாக வைத்துக்கொள்ளும். நீங்கள் கடைசியாக செட்டிங் மாற்றியது மூன்று மாதத்துக்கு முன் என்றால் ரூட்டர் மூன்று மாதம் பின்னால் எழும்.

வயர்கார்டு ஹேண்ட்ஷேக்கில் நேர முத்திரை உண்டு. பழைய பாக்கெட்டைப் பதிவு செய்து மறுபடி அனுப்பி ஏமாற்றுவதைத் தடுக்க, உங்களிடமிருந்து கடைசியாக வந்த முத்திரையைச் சர்வர் நினைவில் வைத்திருக்கும். அதைவிடப் பழைய முத்திரையோடு வந்தால் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் கீழே போட்டுவிடும். எனவே என்டிபி (இன்டர்நெட்டிலிருந்து நேரம் வாங்கும் முறை) மூலம் நேரம் சரியாகும் வரை டனல் எழாது. என்டிபி பாக்கெட்டும் டிஎன்எஸ் கேள்வியும் டனல் வழியாகத்தான் போக வேண்டும் என்று ரூட் இருந்தால், ஒன்றுக்கு ஒன்று காத்துக்கொண்டு இரண்டும் நிற்கும்.

தீர்வு, என்டிபியை டனலிலிருந்து விடுவிப்பது. சிஸ்டம் பக்கத்தில் டைம் சர்வராகப் பெயருக்குப் பதில் எண் முகவரி கொடுங்கள். கூகுளின் டைம் சர்வர்கள் 216.239.35.0, 216.239.35.4, 216.239.35.8, 216.239.35.12. பிறகு நெட்வொர்க், ரூட்டிங் பக்கத்தில் 216.239.35.0/28 வேன் வழியாக என்று ஒரு ஸ்டாட்டிக் ரூட். கூகுள் லீப் செகண்டை நாள் முழுக்கப் பரப்பிச் சேர்ப்பது, அதனால் இவற்றோடு வேறு டைம் சர்வர்களைக் கலக்க வேண்டாம்.

எண்ட்பாயின்டையும் எண் முகவரியாக வைப்பது நல்லது. கரன்ட் வந்ததும் ரூட்டர் எழுந்துவிடும், ஓஎன்டி (ஃபைபர் மோடம்) சிக்னல் பிடிக்க இன்னும் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் பெயரைத் தேடித் தோற்றுப்போய் வயர்கார்டு எண்ட்பாயின்ட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். பெயர்தான் வேண்டும் என்றால், ஓபன்டபிள்யூஆர்டியின் வயர்கார்டு கருவிகளோடு வரும் வயர்கார்டு வாட்ச்டாக் ஸ்கிரிப்ட்டை நிமிடத்துக்கு ஒருமுறை கிரானில் ஓடவிடுங்கள். ஹேண்ட்ஷேக் பழையதாகிவிட்டால் பெயரை மறுபடி தேடி எண்ட்பாயின்டைப் புதுப்பிக்கும். அதைத் தானாக யாரும் கிரானில் போட்டுத் தருவதில்லை, நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

ஐந்து நிமிடக் கரன்ட் கட்டுக்கெல்லாம் இந்தச் சிக்கலே வராமல் இருக்க சென்னை ரிச்சி தெருவில் 12 வோல்ட் மினி யூபிஎஸ் கிடைக்கும். வாங்கும் முன் ரூட்டர், ஓஎன்டி இரண்டின் அடாப்டர் மேலும் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து, ஆம்பியரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வீடு வரை ஃபைபர் வந்தால் நடுவில் இருப்பது கரன்ட் தேவைப்படாத ஸ்ப்ளிட்டர், யூபிஎஸ் போதும். மொட்டை மாடியில் ஸ்விட்ச் வைத்து அங்கிருந்து லேன் கேபிள் இறக்கியிருந்தால், அந்த ஸ்விட்ச் அணையும்போது உங்கள் யூபிஎஸ் உதவாது.

இரண்டாவது கேள்விக்கு: ஃபயர்வாலில் லேன் ஜோனிலிருந்து வேன் ஜோனுக்குப் ஃபார்வர்டிங்கை எடுத்துவிடுங்கள். லேனிலிருந்து விபிஎன் ஜோனுக்கு மட்டும் அனுமதி. டனல் இல்லாதபோது வீட்டு டிராஃபிக் நிற்கும், கசியாது. ரூட்டர் தானாக அனுப்பும் என்டிபி, வேன் சோதனை எல்லாம் ஃபார்வர்டிங் அல்ல, அவை போகும். டிஎன்எஸ் மட்டும் ரூட்டரே கேட்பது என்பதால் அது கசிய இடமுண்டு. டிஎன்எஸ்மாஸ்க்கில் (ரூட்டரின் டிஎன்எஸ் சேவை) வேன் தரும் சர்வர்களை எடுத்துவிட்டு விபிஎன் முகவரியை மட்டும் போடுங்கள். ஐபிவி6-ஐ மறக்காதீர்கள். டனலில் ஐபிவி6 இல்லாமல் லேனில் மட்டும் இருந்தால், இந்த ஃபார்வர்டிங்கை எடுக்காத வீடுகளில் ஐபிவி6 டிராஃபிக் வெளியேதான் போகிறது.

தாம்பரம்_டெர்மினல்:

எனக்கு ஓபன்விபிஎன்தான், அலுவலகம் கொடுத்த கான்ஃபிக். வயர்கார்டுக்கு மாற முடியாது. இதில் என்ன செய்யலாம்?

ரூட்டர்_ரசிகை:

அளக்கிற முறை அதேதான். மாத்துற முறைதான் வேற.

கீப்அலைவ் 10 60 இருந்தா, 10 செகண்டுக்கு ஒரு பிங், 60 செகண்ட் எதுவும் வரலைன்னா மறுஇணைப்பு. செத்ததைப் பிடிக்கும், மந்தத்தைப் பிடிக்காது. கான்ஃபிக்ல நோபைண்ட் இருக்கான்னு பாருங்க. அது இருந்தா ஒவ்வொரு தடவையும் புது சோர்ஸ் போர்ட். இல்லைன்னா 1194-லயே ஒட்டிக்கிட்டு நிக்க வாய்ப்பிருக்கு. அலுவலகம் ஒண்ணுக்கு மேல கேட்வே கொடுத்திருந்தா ரிமோட் வரிகளை வரிசையா எழுதி ரிமோட் ரேண்டம் சேருங்க; சேவையை ரீஸ்டார்ட் பண்ணும்போது பட்டியலைக் கலைச்சு எடுக்கும். டிசிபி-ல ஓடுதுன்னா யூடிபி கிடைக்குமான்னு ஐடி பிரிவைக் கேளுங்க. டிசிபிக்குள்ள டிசிபி போனா, லாஸ் வரும்போது ரெண்டு அடுக்கும் தனித்தனியா மறுபடி அனுப்ப ஆரம்பிச்சு டனல் திணறும்.

இங்க ரீஸ்டார்ட்னா மீட்டிங் அறுந்துடும். அதனால அலுவலக நேரத்துல தொடர்ந்து மூணு தடவை குறை வந்தா மட்டும்னு வெச்சுக்கோங்க.

ஆனா ஒண்ணு. எம்டி7621 மாதிரி சிப்ல ஓபன்விபிஎன் 20, 30 எம்பிபிஎஸ் தாண்டுறதே அரிது, அது ஒரே கோர்ல யூசர்ஸ்பேஸ்ல (கர்னலுக்கு வெளியே) ஓடுது. எப்பவுமே 20 தான் வருதுன்னா ஸ்கிரிப்ட் எழுதி நேரத்தை வீணாக்காதீங்க, அது மெஷினோட எல்லை. சர்வர் 2.5-க்கு மேல இருந்து அனுமதிச்சா சாச்சா20 பாலி1305 சைஃபர் கொஞ்சம் கைகொடுக்கும், ஏன்னா இந்தச் சிப்ல ஏஇஎஸ் சுமை அதிகம்.

பெருங்குடி_ஃபைபர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. லிசன் போர்ட்டை எடுத்துவிட்டு, எம்டியூ 1412 வைத்து, ஸ்கிரிப்ட் ஓடுகிறது. 300 பிங்கில் ராத்திரி 4, 5 தொலைகிறது. போர்ட் மாறியதும் பெரும்பாலும் பூஜ்யம், வேகமும் 80-க்கு மேல் திரும்புகிறது. மீட்டிங் எதுவும் அறவில்லை.

சில ராத்திரிகளில் மட்டும் எந்தப் போர்ட் போட்டாலும் அதே லாஸ். இதற்கு மாற்றுச் சர்வராக அதே நிறுவனத்தின் "இந்தியா" சர்வரை வைக்கலாமா? சென்னைக்குப் பக்கம் என்று நினைக்கிறேன்.

கோடம்பாக்கம்_கிரான்:

எல்லாப் போர்ட்டிலும் லாஸ் என்றால் சர்வரோ அதன் முன்னால் இருக்கும் பொதுப் பாதையோ நெரிகிறது. சர்வர் மாற்றமே வழி, ஆனால் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவு போட்ட பிறகு, பெரிய விபிஎன் நிறுவனங்கள் பலவும் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. அவர்கள் இப்போது இந்தியா என்று தருவது வெறும் இந்திய முகவரி. மெஷின் சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கலாம்.

பிங் பொய் சொல்லாது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகப் போகும் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கி.மீ. ஃபைபரில் ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. போகும், எனவே போய்வர 32 மில்லிசெகண்ட். உங்கள் 36 நேர்ப்பாதை. "இந்தியா" சர்வரும் அதே 35, 36 காட்டினால் அது பெரும்பாலும் அதே ஊரில், அதே பாதையின் முடிவில் இருக்கிறது. மாற்றுச் சர்வராக வைத்துப் பயனில்லை. 150-க்கு மேல் காட்டினால் ஐரோப்பாவாக இருக்கலாம், அல்லது சிங்கப்பூருக்கே பாதை உலகைச் சுற்றிப் போகலாம். ரசிகை மேடம் கொடுத்த சூத்திரத்தில் ஆர்டிடி வகுக்கும் இடத்தில் இருப்பதைக் கவனியுங்கள்: 36 இடத்தில் 150 வந்தால் அதே லாஸுக்கு வேகம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே.

இரண்டாவது சர்வரைச் சிங்கப்பூரிலேயே வேறு டேட்டா சென்டரில் வையுங்கள். பல நிறுவனங்கள் சர்வர் பட்டியலில் யாருடைய டேட்டா சென்டர் என்று போட்டிருப்பார்கள். மூன்றாவதற்கு வேறு நாடு, வேறு கேபிள். தேர்ந்தெடுக்கும் முன் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் ஒவ்வொன்றுக்கும் 300 பிங் போட்டுப் பாருங்கள். பகல் அளவு இந்த முடிவுக்கு உதவாது.

அயனாவரம்_அலை:

கடிகாரம் சரி பண்ணதும் கரன்ட் வந்த உடனே டனல் எழுந்துடுது, நன்றி பாக்கெட் சார். கடைசியா ஒண்ணு: ஃபைபர் போனா 4ஜி டாங்கிளுக்கு மாறுற மாதிரி வெச்சிருக்கேன். ஸ்கிரிப்ட் அப்பவும் ஓடினா சிம் டேட்டா தீர்ந்துடுமா?

பல்லாவரம்_பாக்கெட்:

300 பிங் முறை ஒரு ஓட்டத்துக்கு இரு திசையும் சேர்த்து 0.8 எம்பி. 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 288 ஓட்டம், 230 எம்பி ஆகிவிடும். டவுன்லோட் முறையில் 5 எம்பி ஃபைலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கினால் நாளுக்கு 720 எம்பி. தினம் 1.5 ஜிபி சிம்மில் இரண்டுமே உறுத்தும். ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் டிஃபால்ட் ரூட் எந்த இன்டர்ஃபேஸ் வழியாகப் போகிறது என்று பார்க்காதீர்கள், அது எப்போதும் வயர்கார்டையே காட்டும். விபிஎன் சர்வரின் முகவரிக்கு ரூட் எது என்று ஐபி ரூட் கெட் கொண்டு கேளுங்கள். பதிலில் 4ஜி இன்டர்ஃபேஸ் வந்தால் ஹேண்ட்ஷேக் வயதை மட்டும் பார்த்துவிட்டு வெளியேறட்டும். மொபைல் டேட்டாவில் லாஸும் வேகமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அங்கே போர்ட் மாற்றிப் பலனில்லை.